கடலடிச் சேறு பூமியைக் குளிர்விக்குமா?

கேள்வி இதுதான்: "பூமி இதற்கு முன்னாலும் பலமுறை சூடாகியிருக்கிறது. அப்போதெல்லாம் காற்றில் மிகுந்த கார்பனைக் கடல் இழுத்துத் தன் அடிச்சேற்றில் புதைத்து, பூமியை மறுபடி குளிரவைத்தது என்று படித்தேன். அப்படியென்றால் இப்போதும் அது நடக்கும்தானே? நாம் ஏன் இவ்வளவு பதறவேண்டும்? வேண்டுமானால் கடலைக் கொஞ்சம் முடுக்கிவிட முடியாதா?"

நீங்கள் படித்தது தப்பில்லை. கடல் அப்படிச் செய்திருக்கிறது, பாறையில் சாட்சி இருக்கிறது. ஆனால் இரண்டு விஷயங்கள் விடுபட்டுப் போயிருக்கின்றன. ஒன்று, அதற்கு எடுத்த காலம். மற்றது, பூமி சூடான ஒவ்வொரு முறையும் கடல் கூடுதலாகப் புதைக்கவில்லை என்பது. நேர்மாறாக நடந்த காலமும் உண்டு. எனக்கு இந்த இரண்டாவதில்தான் ஆர்வம் அதிகம். ஆனால் கணக்கைப் பார்க்காமல் அங்கே போக முடியாது.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடுவோம். நாம் விடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் ஏற்றுக்கொள்கிறது என்று அடிக்கடி கேள்விப்படுவீர்கள். அது புதைப்பது அல்ல, கரைப்பது. சோடா பாட்டிலில் வாயு கரைந்திருப்பதுபோல நீரில் கரைந்து நிற்கிறது, கடலைக் கொஞ்சம் அமிலப் பக்கம் தள்ளுகிறது. புதைப்பது என்பது உயிர் தொட்ட கார்பன் சேற்றுக்குள் போய், தின்னப்படாமல், மேலே அடுத்தடுத்து மண் படிந்து, லட்சக்கணக்கான ஆண்டுகள் திரும்பி வராமல் இருப்பது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் பாதி நம்பிக்கைகள் பிறக்கின்றன.

இனி எண்கள். கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத தாவர உயிரிகள், அதாவது பிளாங்க்டன், ஆண்டுக்கு ஏறத்தாழ 50 ஜிகா டன் கார்பனை ஒளிச்சேர்க்கையில் பிடிக்கின்றன. ஒரு ஜிகா டன் என்பது 100 கோடி டன். அதில் பெரும்பகுதி மேல்நீரிலேயே தின்று செரிக்கப்பட்டுவிடும். ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் கீழே இறங்கும்: செத்த உயிரிகள், எச்சம், கோழை எல்லாம் ஒட்டிக்கொண்டு வெள்ளைத் துகள்களாக. கடற்பனி என்று இதற்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் அழகானது, பொருள் அவ்வளவு அழகில்லை. வழியெல்லாம் அதைத் தின்பதற்கு ஆள் உண்டு. கடைசியில் உலகக் கடலடி முழுவதிலும் நிலையாகப் புதைவது, ஆறுகள் கொண்டுவருவதையும் சேர்த்து, ஆண்டுக்கு 0.15 முதல் 0.2 ஜிகா டன் அளவுதான். பிளாங்க்டன் பிடித்ததோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு அரை கூடத் தேறாது.

நாம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து விடுவது ஆண்டுக்கு ஏறக்குறைய 10 ஜிகா டன் கார்பன். நம் ஓராண்டுப் புகையைப் புதைக்கக் கடலுக்கு 50, 60 ஆண்டுகள் வேண்டும். இதுவும் பெருந்தன்மையான கணக்குதான். ஏனென்றால் அந்த 0.2 ஏற்கெனவே வேறொருவருக்கு எழுதிவைத்த பணம். எரிமலைகள் கார்பன் விடுகின்றன. பழைய கடலடிப் பாறைகள் மலையாக எழும்பி, மழையிலும் காற்றிலும் மக்கி, தங்களுக்குள் இருந்த பழங்கார்பனை ஆண்டுக்கு 6.8 கோடி டன் என்ற அளவில் திருப்பி விடுகின்றன என்று 2023-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. வழக்கமான புதைப்பு இந்த வழக்கமான வரவைச் சமன் செய்யவே சரியாகப் போய்விடும். பூமி குளிர வேண்டுமென்றால், வழக்கத்தைவிடக் கூடுதலாகப் புதைய வேண்டும். கேள்வியே அந்தக் கூடுதலைப் பற்றியதுதான்.

கூடுதலாகப் புதைவது எப்படி? பிச்சாவரத்திலோ முத்துப்பேட்டையிலோ அலையாத்திக் காட்டுச் சேற்றில் கால் வைத்தவர்களுக்கு இதில் பாதி தெரியும். மேலே பழுப்பு, ஒரு விரற்கடை ஆழத்தில் கன்னங்கரேல். காலை உருவினால் அழுகிய முட்டை வாடை. அந்தக் கறுப்பு தொடங்கும் இடத்தில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று பொருள். அதற்குக் கீழே உள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட், இரும்பு, சல்பேட் என்று கிடைத்ததை வைத்துக் காலம் தள்ளுகின்றன. சல்பேட்டைக் கையாளும்போது வருவதுதான் அந்த வாடை, ஹைட்ரஜன் சல்பைடு. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சாப்பாடு மெதுவாக நடக்கும், மிச்சம் கூடும். இது ஒரு வழி. இன்னொரு வழி வேகம்: மேலே மண் சீக்கிரம் படிந்து மூடினால் தின்ன நேரம் கிடைக்காது. மூன்றாவது களிமண். கரிமப் பொருள், அதாவது உயிர்களிலிருந்து வந்த கார்பன், களிமண் துகள்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டால் நுண்ணுயிரின் நொதிகள் அதை எளிதில் நெருங்க முடியாது. ஆகவேதான் நடுக்கடலின் ஆழத்தில் அல்ல, கண்டத்தின் ஓரத்திலும் ஆற்று முகத்துவாரங்களிலும்தான் மிகப் பெரும்பங்கு புதைகிறது.

இப்போது சாட்சிக்கு வருவோம். இத்தாலியில் குப்பியோ என்ற மலைநகரைச் சுற்றி வெள்ளை, இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாறை அடுக்கடுக்காக நிற்கிறது. அத்தனையும் பழைய கடலடி. அந்த வெளுப்புக்கு நடுவே ஏறத்தாழ ஒரு மீட்டர் தடிமனில் ஒரு கறுப்புப் பட்டை. போனரெல்லி என்ற இத்தாலியர் 1891-இல் விவரித்ததால் அவர் பெயரிலேயே அழைக்கப்படுகிறது. சுண்ணாம்பு அதில் ஏறக்குறைய இல்லை. சில துண்டுகளில் எடையில் 20 விழுக்காடு வரை கரிமக் கார்பன். இன்றைய ஆழ்கடல் சேற்றில் ஒரு விழுக்காடு இருந்தாலே அதிகம். இதே வயதுடைய கறுப்புப் பட்டை மொராக்கோவில் இருக்கிறது, தென்னமெரிக்காவின் சூரினாம் கரைக்கு அப்பால் கடலடியில் இருக்கிறது, இன்னும் பல இடங்களில் இருக்கிறது. ஓரிடத்துச் சமாச்சாரம் அல்ல என்று புரிந்துகொண்டு, 1976-இல் ஷ்லாங்கர், ஜென்கின்ஸ் என்ற இருவர் இதற்குக் கடலின் ஆக்சிஜன் இழப்பு நிகழ்வு என்று பெயர் வைத்தார்கள். வயது 9 கோடியே 40 லட்சம் ஆண்டு. கிரிட்டேசியஸ் காலம், டைனோசர்கள் உலாவிய நாள். (நம் பெரம்பலூர்ப் பக்கம் காரை ஊரில் அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுப் புதைபடிவம் பொறுக்கப் போகிறார்களே, அந்தக் களிமண் மேடுகளும் ஏறக்குறைய அந்தக் காலத்துக் கடலடிதான்.)

நடந்தது என்னவென்றால், கடலுக்கடியில் பிரம்மாண்டமான எரிமலைக் கொந்தளிப்பு. கரீபியன் பகுதி அதில் முக்கியச் சந்தேகநபர். பாறையில் உள்ள ஆஸ்மியம் என்ற உலோகத்தின் ஐசோடோப்புகள், அதாவது எடையில் வேறுபடும் அணு வகைகள், அந்த நேரத்தில் சட்டென்று எரிமலைப் பக்கம் சாய்கின்றன. ஏற்கெனவே சூடாக இருந்த பூமி இன்னும் சூடானது. சூடான நீர் ஆக்சிஜனைக் குறைவாகவே பிடித்துவைக்கும். மழை கூடியது, பாறை வேகமாக மக்கியது, பாஸ்பரஸ் கடலுக்கு வந்தது. பிளாங்க்டன் கொழுத்தது. கொழுத்தது செத்து அழுகியதில் மிச்ச ஆக்சிஜனும் போனது. இதில் ஒரு விஷவட்டம் உண்டு: ஆக்சிஜன் இல்லாத சேறு பாஸ்பரஸைப் பிடித்துவைக்காமல் நீருக்கே திருப்பி விடும், அது மறுபடி பிளாங்க்டனுக்கு உரம். வயலுக்குப் போட்ட உரம் பயிரில் ஏறாமல் வாய்க்காலுக்கே திரும்புவதுபோல. அட்லாண்டிக் அப்போதுதான் திறந்துகொண்டிருந்த குறுகலான கடல், நீர் சரியாகப் புரளவில்லை என்பதும் சேர்ந்துகொண்டது.

கூடுதலாகப் புதைந்தது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்? உயிர்கள் லேசான கார்பன்-12-ஐத்தான் விரும்பி எடுக்கும். அதை ஏராளமாகப் புதைத்துவிட்டால் நீரில் மிஞ்சுவதில் கனமான கார்பன்-13-இன் பங்கு ஏறும். அந்த நீரில் உருவான சுண்ணாம்பிலும் ஏறும். அந்தக் காலச் சுண்ணாம்பில் உலகெங்கும் ஆயிரத்துக்கு இரண்டு அளவில் அந்த ஏற்றம் பதிவாகியிருக்கிறது. கேட்கச் சிறியது, உலகக் கடல் முழுவதையும் அந்த அளவு நகர்த்தப் புதைக்க வேண்டியது கொஞ்சநஞ்சமல்ல.

பூமி குளிர்ந்ததா என்றால், குளிர்ந்தது. இந்த நிகழ்வின் நடுவிலேயே சில டிகிரி வெப்பம் இறங்கியது. வடக்கே இருந்த குளிர்நீர் உயிரினங்கள் ஐரோப்பாவில் தெற்கு நோக்கி வந்த தடயம் பாறையில் இருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா பகுதியில் கிடைத்த புதையுண்ட இலைகளின் நுண்துளைகளை எண்ணிப் பார்த்தவர்கள், காற்றில் கார்பன் டை ஆக்சைடு கால் பங்கு வரை குறைந்ததாக மதிப்பிட்டார்கள். இவ்வளவும் நீங்கள் படித்ததோடு ஒத்துப்போகிறது. ஆனால் அந்தக் குளிர் நிலைக்கவில்லை. எரிமலை நிற்காததால் வெப்பம் திரும்பி ஏறியது. நிகழ்வு முழுவதும் முடிய 5 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதற்குள் கடலின் பெரும்பகுதிகளில் மூச்சுக்கு வழியில்லாமல் எத்தனையோ இனங்கள் அழிந்தன. கடல் பூமியைக் குளிரவைத்தது என்று சொல்லும்போது, அந்தக் கடலில் வாழ்ந்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

நம் நிலைமைக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் 5 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையது. பேலியோசீன் முடிந்து இயோசீன் தொடங்கும் இடம். அன்டார்க்டிகாவுக்கு அருகே எடுத்த கடலடித் துளையில் கென்னட், ஸ்டாட் இருவரும் 1991-இல் இதை அடையாளம் காட்டினார்கள். சில ஆயிரம் ஆண்டுகளில் பல ஆயிரம் ஜிகா டன் கார்பன் காற்றுக்கும் கடலுக்கும் வந்து சேர்ந்தது, பூமி 5, 6 டிகிரி சூடானது. தென் அட்லாண்டிக்கில் எடுத்த துளைகளில் வெள்ளைச் சுண்ணாம்புச் சேற்றின் மேல் திடீரென்று சிவப்புக் களிமண் உட்கார்ந்திருக்கிறது. கடல் அமிலமாகிச் சுண்ணாம்பைக் கரைத்துவிட்டதன் தழும்பு அது. மீள்வதற்கு மொத்தம் ஒன்றரை லட்சம் ஆண்டுக்கு மேல் ஆனது. அந்த மீட்சியின் கடைசிக் கட்டம் எதிர்பார்த்ததைவிட வேகமாக இருந்ததாக 2010-இல் போவன், ஸாக்கோஸ் இருவரும் காட்டினார்கள். சிலிக்கேட் பாறை மக்கும்போது காற்றிலிருந்து கார்பனை இழுக்கும், ஆனால் அது மட்டும் அந்த வேகத்துக்குப் போதாது, நிலத்திலோ கடலிலோ 2,000 ஜிகா டன்னுக்கு மேல் கரிமக் கார்பன் சேர்ந்திருக்க வேண்டும், 30,000 முதல் 40,000 ஆண்டுகளில். அதாவது ஆண்டுக்கு 0.06 ஜிகா டன் போல. வேகமான மீட்சி என்று நிலவியலாளர்கள் வியந்து சொல்வது இதைத்தான். நம் 10-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சரி, இப்போது நேர்மாறான கதை. ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன், நடு மயோசீன் காலம். அதுவும் சூடான காலம்தான். அப்போதைய சுண்ணாம்பிலும் கார்பன்-13 ஏறியிருக்கிறது. கலிபோர்னியாக் கரையில் மான்டெரே என்ற பெயரில் கரிமம் மிகுந்த பாறைத் தொகுதி இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வின்சென்ட், பெர்கர் இருவரும் 1985-இல் ஒரு கருதுகோள் வைத்தார்கள்: பெருமளவு கார்பன் கடலோரங்களில் புதைந்தது, அதனால் காற்றில் கார்பன் இறங்கியது, அன்டார்க்டிகாவில் பனி பெருத்தது. கச்சிதமான கதை. பாடப்புத்தகங்களிலும் நிலைத்துவிட்டது.

2023-இல் ஒரு குழு வேறு வழியில் போனது. ஐசோடோப்பைப் பார்த்து ஊகிப்பதற்குப் பதிலாக, உலகெங்கும் 81 இடங்களில் துளையிட்டு எடுத்த சேற்றில் நேரடியாக எவ்வளவு கரிமம் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் படிந்தது என்று கூட்டிப் பார்த்தார்கள். பெட்டியைத் திறந்து காசை எண்ணுவதுபோல. வந்த விடை: 2 கோடியே 30 லட்சம் ஆண்டு முதல் 30 லட்சம் ஆண்டு வரையிலான காலத்தில் புதைப்பு மிகக் குறைவாக இருந்தது அந்தச் சூடான நடு மயோசீனில்தான்! ஏன்? அவர்கள் சொல்லும் காரணம் நம் அடுப்படியிலேயே இருக்கிறது. சித்திரை வெயிலில் தோசை மாவு எவ்வளவு சீக்கிரம் புளிக்கிறது, மார்கழியில் எவ்வளவு நேரமாகிறது? நீர் சூடானால் பாக்டீரியாவின் செரிமானம் வேகமாகும், சேற்றுக்கு மிஞ்சுவது குறையும். அப்படியென்றால் வெப்பம் புதைப்பைக் குறைத்து, புதைப்பு குறைந்ததால் வெப்பம் இன்னும் நீடித்தது. கடல் நம் பக்கம் நிற்கவில்லை.

இந்த ஆய்வே கடைசி வார்த்தை என்று நான் சொல்லமாட்டேன். 81 துளை என்பது உலகக் கடலுக்குக் கொஞ்சம்தான், அதிலும் கண்டத்தின் ஓரங்களும் முகத்துவாரங்களும் துளையிடுவோர் கையில் எளிதில் அகப்படாதவை. ஆனால் இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது. வெப்பம் தானாகக் கார்பனைப் புதைக்காது. கிரிட்டேசியஸ் கடல் புதைத்தது சூடாக இருந்ததால் மட்டுமல்ல, ஆக்சிஜன் தீர்ந்ததாலும் பாஸ்பரஸ் கொட்டியதாலும். அந்த இரண்டும் இல்லாத மயோசீனில் வெப்பம் தன் இயல்பான வேலையைச் செய்தது, மாவைப் புளிக்கவைத்தது.

பனியுகங்களின் பதிவும் இதற்கு ஒத்தாசையாக நிற்கிறது. ஆழ்கடல் சேறுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, பனி உச்சத்தில் இருந்த காலங்களில் அங்கே கரிமப் புதைப்பு இடைப்பட்ட வெதுவெதுப்பான காலங்களைவிட ஏறக்குறைய 50 விழுக்காடு கூடுதல் என்று 2016-இல் சொன்னது. பூமி குளிர்ந்திருந்த காலங்களில்தான் கூடுதல்! கடல்மட்டம் 120 மீட்டர் போல இறங்கிக் கண்ட ஓரங்கள் வெளியே தெரிந்தபோது, அங்கே புதைய வேண்டியது ஆழத்துக்கு நகர்ந்ததும் இதில் ஒரு பங்கு. அப்புறம் காற்றோடு வந்த தூசியின் இரும்பு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒன்றை விட்டுவிட மனம் வரவில்லை. வங்காள விரிகுடாவின் அடியில் உலகிலேயே மிகப் பெரிய வண்டல் விசிறி கிடக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்தை அரைத்து ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் மண் கொண்டுவருகின்றன. அதில் ஒரு பகுதி முகத்துவாரத்துக்கு வெளியே உள்ள கடலடிப் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளமாகச் சரிந்து இறங்கி, தெற்கே 3,000 கிலோமீட்டர், இலங்கையையும் தாண்டிப் பரவியிருக்கிறது. வடக்கே அதன் தடிமன் 16 கிலோமீட்டரைத் தொடும் என்கிறார்கள். கடலுக்குள் ஒரு இமயம் தலைகீழாகக் கிடப்பதுபோல.

மண்ணோடு இலை, வேர், மட்கு எல்லாம் வருகின்றன. 2007-இல் காலி, பிரான்ஸ்-லானோர் முதலானோர் பார்த்தபோது, வழியில் தொலைந்தது மிகச் சொற்பம். ஆறு ஏற்றிவந்த கரிமத்தை ஏறக்குறைய முழுசாகவே கடல் புதைத்துவிட்டது. அதில் 70 முதல் 85 விழுக்காடு அண்மையில் வளர்ந்த தாவரங்களிலிருந்து வந்தது, பாறையிலிருந்து வந்த பழசு அல்ல. உலகக் கடலடியில் புதையும் நிலத்துக் கரிமத்தில் 10 முதல் 20 விழுக்காடு இந்த ஒரே இடத்தில். மண் அவ்வளவு வேகமாக வந்து மூடுகிறது, நீரில் ஆக்சிஜனும் குறைவு. 2015-இல் கடலடியைத் துளையிடும் ஓர் ஆய்வுக் கப்பல் வடக்கு 8 டிகிரி அட்சக்கோட்டில் ஏழு இடங்களில் துளையிட்டது. வரைபடத்தில் பார்த்தால் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் நடுவிலிருந்து நேர் கிழக்கே. அந்த மண்ணில் மரத் துணுக்குகள் இருந்தன, 1 கோடியே 90 லட்சம் ஆண்டுவரை பழையவை. சில துணுக்குகள் 3,000 மீட்டருக்கு மேல் மலையில் வளர்ந்த மரங்களுடையவை. இமயத்து உச்சியில் நின்ற ஒரு மரம் ஈழத்துக்குக் கிழக்கே ஆழ்கடலுக்கடியில் சில்லுகளாகக் கிடக்கிறது என்று நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கும். இமயம் காற்றிலிருந்து கார்பனை இழுத்ததில், பாறை மக்கியதைவிட இப்படிப் புதைந்ததன் பங்கு இரண்டு மூன்று மடங்கு பெரிது என்று 1997-லேயே ஒரு கணக்கு வந்தது. இவ்வளவு திறமையான புதைகுழிக்கும் கோடிக்கணக்கான ஆண்டுகள் தேவைப்பட்டன.

கடைசிக் கேள்வி, முடுக்கிவிட முடியாதா என்பது. 1988-இல் ஜான் மார்ட்டின் என்ற அமெரிக்கக் கடலியலாளர் பாதி வேடிக்கையாகச் சொன்னார்: அரைக் கப்பல் இரும்பு கொடுங்கள், ஒரு பனியுகம் தருகிறேன் என்று. அன்டார்க்டிகாவைச் சுற்றிய தென்கடலில் மற்ற சத்தெல்லாம் இருந்தும் இரும்பு இல்லாமல் பிளாங்க்டன் வளராமல் கிடக்கிறது, பனியுகத்தில் தூசி வந்து அந்தக் குறையைத் தீர்த்தது என்பது அவர் வாதம். வாதத்தில் உயிர் இருக்கிறது. சோதித்தும் பார்த்தார்கள். 2004-இல் தென்கடலில் நடந்த ஒரு சோதனையில் டயாட்டம் என்ற கண்ணாடி ஓட்டுப் பாசி பெருகி, அதில் பாதிக்கு மேல் 1,000 மீட்டருக்குக் கீழே இறங்கியது. ஆழத்துக்கு இறங்குவது வேறு, சேற்றில் புதைவது வேறு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஆழத்து நீர் சில நூறு ஆண்டுகளில் மேலே வந்துவிடும்.

அடுத்து 2009-இல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனமும் சேர்ந்து, போலார்ஸ்டெர்ன் கப்பலில் போய், தென் அட்லாண்டிக்கில் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் 6 டன் இரும்பைக் கரைத்தார்கள். லோஹாஃபெக்ஸ் என்று பெயர், இந்தியில் இரும்புக்குச் சொல்லும் லோஹா அதில் இருக்கிறது. பாசி வளரத்தான் செய்தது. ஆனால் அந்த நீரில் சிலிக்கா முன்பே தீர்ந்திருந்ததால் ஓடு கட்டும் டயாட்டம் வரவில்லை, ஓடில்லாத சிறு பாசிகள்தான் வந்தன. அவற்றைக் கோப்பிபாட் என்ற சின்ன இறால் போன்ற உயிரிகள் மேய்ந்தன. கோப்பிபாட்களைப் பெரிய ஆம்பிபாட்கள் வேட்டையாடின. மேல்நீரில் விருந்து பலமாக நடந்தது. கீழே போன கார்பன் சொற்பம்.